தேய்த்தெடுத்த முகங்கள்

வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலில் ‘கரெக்டட் கிரெய்ன்’ என்று ஒன்று உண்டு. கீறலும் உண்ணி கடித்த தழும்பும் உள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். மேலே பூச்சு கொடுத்து, சூடான தகட்டால் அழுத்திப் புது ரேகை பதிப்பார்கள். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்த மாட்டின் ரேகை அதில் இருக்காது.

‘ஆயில் பெயின்ட்டிங்’ பாணியில் வரும் போட்டோஷாப் உருவப்படங்கள் பலவும் இதே வேலைதான். ஸ்மட்ஜ் கருவியால் மரு, சுருக்கம் எல்லாவற்றையும் இழுத்து மழுங்கடிக்கிறார்கள். பிறகு ஒரு கேன்வாஸ் டெக்ஸ்ச்சரை ‘ஓவர்லே’ லேயராக மேலே போர்த்துகிறார்கள். 2012-இல் சிஎஸ்6-ஓடு வந்த ஆயில் பெயின்ட் ஃபில்டர் இதை இன்னும் சுலபமாக்கியது. ஃபில்டருக்குக் கன்னமும் சுவரும் ஒன்றுதான், இரண்டும் பிக்ஸல்.

2021-இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜா போனது நேர் எதிர்த்திசையில். எண்ணெய் வண்ணத்தில் அவர் வரைந்த பெண்களைப் பலர் புகைப்படம் என்றே நினைத்தார்கள். நுணுக்கம் மட்டும் காரணமில்லை. வெளிச்சம் ஒரு கறுத்த கன்னத்தில் எப்படி விழுகிறது என்று நின்று பார்த்திருக்கிறார். அந்தக் கறுப்பை அவர் வெளுக்கவில்லை.

கருவிமேல் குற்றமில்லை. மிக்ஸர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, எலும்பின் வளைவைத் தொடர்ந்து, ஒளி மாறும் இடத்தில் கோட்டைத் திருப்பி, மணிக்கணக்கில் வரைகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஓவியம்தான். ஆனால் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு அம்மாவின் முகம் வரும்போது, 50 வருஷ வெயிலும் உழைப்பும் பதித்த ரேகையை அழித்துவிட்டு டவுன்லோடு செய்த ரேகையை ஒட்டினால், அந்த பேனரில் சிரிப்பது வேறு யாரோ.