சேர்த்தால் திருந்திவிடுமா?

அட்லஸ் நிறுவனத்தின் ‘பெர்சோனா 5’ ஜப்பானில் 2016 செப்டம்பரில் வந்தது. மற்ற நாடுகளுக்கு 2017 ஏப்ரலில். அதையே விரித்து எழுதிய ‘பெர்சோனா 5 ராயல்’ ஜப்பானுக்கு வெளியே 2020 மார்ச் 31 அன்று வெளியானது. மெட்டாகிரிட்டிக்கில் பழையதுக்கு 93, புதியதுக்கு 95. ஏற்கெனவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப்பட்ட ஒரு கேமுக்கு இன்னும் ரெண்டு மதிப்பெண். விமர்சனங்களின் சாரம் ஒன்றுதான்: விளையாடினால் இதை விளையாடுங்கள், இதுதான் முழுமையான வடிவம்.

முழுமை என்று எதைச் சொன்னார்கள்? கிச்சிஜோஜி என்ற புதுப் பகுதி. மேலே தாவிப் போகக் கொக்கிக் கயிறு. ஒவ்வொரு சண்டையிலும் மறுபடி நிரம்பிவிடும் தோட்டா. ‘இன்னைக்குப் போதும், தூங்கு’ என்று நச்சரிக்கும் மோர்கானா பூனை இந்த முறை கொஞ்சம் விட்டுப்பிடிக்கிறது. எல்லாமே உண்மை, எல்லாமே நல்ல மாற்றங்கள். ஆனால் எங்கள் தொழிலில் இதற்கு ரிலீஸ் நோட்ஸ் என்று பேர். என்னென்ன சேர்ந்தது என்று அது சொல்லும். சேர்ந்த பிறகு மொத்தமும் என்னவாக ஆனது என்று சொல்லாது. அதைச் சொல்லத்தான் விமர்சகர் வேண்டும்.

(இனி கதையை உடைக்காமல் பேச முடியாது.)

மூலக் கதை எளிமையானது. டோக்கியோவில் பள்ளி மாணவர்கள் சிலர், அதிகாரத்தில் இருக்கும் கெட்ட பெரியவர்களின் மனதுக்குள் புகுந்து, அவர்களுடைய ஆசையின் மூலப்பொருளைத் திருடுகிறார்கள். பிறகு அந்த ஆள் அழுதபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். மாணவர்களைச் சித்திரவதை செய்த வாலிபால் பயிற்சியாளர் காமோஷிடா பள்ளிக்கூடமே பார்க்க மண்டியிடும்போது நமக்கு நிம்மதியாக இருக்கிறது. சம்மதம் கேட்காமல் ஒருத்தன் மனதை மாற்றலாமா என்ற கேள்வி அவ்வப்போது எழும். ஆனால் எதிரில் நிற்பவன் அவ்வளவு மோசமானவன் என்பதால் அது நிலைக்காது.

ராயல் சேர்த்த மூன்றாம் பருவத்தில் வருகிற டகுடோ மருக்கி அந்தச் சௌகரியத்தைக் கெடுக்கிறார். அவர் பள்ளியின் மனநல ஆலோசகர். நல்லவர். நமக்குத் தின்பண்டம் கொடுத்து உட்காரவைத்துப் பேசுபவர். அவர் செய்வதும் மனதை மாற்றுவதுதான், வலியை எடுத்துவிடுவதற்காக. ஃபுதாபாவின் செத்துப்போன அம்மா வீட்டில் இருக்கிறாள். ஹாருவின் அப்பா உயிரோடு, அன்பாக இருக்கிறார். அக்கா தன்னைக் காப்பாற்றப் போய் விபத்தில் இறந்ததைத் தாங்க முடியாத சுமிரே, தானே அந்த அக்கா என்று நம்பி வாழ்கிறாள். யாரும் யாரையும் துன்புறுத்தவில்லை. இதை ஏன் உடைக்க வேண்டும்?

‘உங்களைக் கேட்காமல் அவர் எப்படி முடிவு செய்யலாம்’ என்று நாம் சொன்னால், அதே கேள்வி நம் பக்கமும் திரும்புகிறது. மருக்கியை ஏற்றுக்கொள்ளவும் கேம் விடுகிறது. ஏற்றால் அதுவும் ஒரு முடிவாகவே ஓடி முடிகிறது. மறுத்தால் அகேச்சியை இழக்கிறோம் என்று முன்கூட்டியே தெரியும். ஆக, இந்தப் பகுதி மூலக் கதைக்கு அதன் உள்ளேயிருந்தே எழுதப்பட்ட விமர்சனம். ராயலின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. முதல் வார ரிவ்யூக்களில் மருக்கிக்குப் பாராட்டு உண்டு. ஆனால் கதையை உடைக்கக்கூடாது என்ற மரியாதையால், நூறு மணி நேரத்துக்குப் பிறகு வரும் இந்த விஷயத்தை ‘புதிய அத்தியாயம் அருமை’ என்று ஒரு வரியில் கடக்க வேண்டியதாயிற்று. கொக்கிக் கயிற்றுக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை.

இதே காரணத்தால் இன்னொன்றும் தப்பித்துவிட்டது. தமிழ்ப் புத்தக அட்டைகளில் ‘திருத்திய, விரிவாக்கிய பதிப்பு’ என்று ஒரே மூச்சில் போடுவோம். ரெண்டும் வேறு வேறு வேலை. ராயல் பெருமளவு விரிவாக்கியது, திருத்தியது குறைவு. காமோஷிடா பகுதி, ஆன் என்ற பெண்ணைப் பண்டமாகப் பார்ப்பதைக் கண்டித்துத் தொடங்குகிறது. அது முடிந்த கையோடு, ஓவியன் யூசுகேவுக்கு நிர்வாணமாக நிற்க அவளைத் தள்ளிவிடுவதைக் கேம் நகைச்சுவையாக்குகிறது. ராயலிலும் அது அப்படியே இருக்கிறது. தொடவே முடியாது என்றும் சொல்ல முடியாது. ஓரினச்சேர்க்கையாளர்களைக் கேலி செய்த இரண்டு காட்சிகளின் வசனத்தை மேற்கத்திய வெளியீட்டில் மாற்றினார்கள். மனமிருந்த இடத்தில் கை போயிருக்கிறது.

மென்பொருளில் இது தினசரி நடப்பது. பழைய கோடைத் தொட்டால் எது உடையுமோ என்ற பயத்தில் புது மாட்யூலைப் பக்கத்தில் ஒட்டிவிடுவோம். ராயலில் அந்த ஒட்டு தெரிகிறது. நவம்பர் மூன்றாவது வாரத்துக்குள் மருக்கியுடனான நட்பை ஒன்பதாவது படிக்குக் கொண்டுபோகாவிட்டால் மூன்றாம் பருவமே திறக்காது. விரிவான பதிப்பை முழு விலை கொடுத்து வாங்கியவர், விரிவைப் பார்க்காமலேயே முடித்துவிடலாம். 2017இல் வாங்கியவர்களுக்குப் பழைய சேமிப்பிலிருந்து தொடரும் வழியும் கிடையாது. முதலிலிருந்து ஆட வேண்டும்.

ராயல் நல்ல படைப்பு. மருக்கி பகுதி, எனக்குத் தெரிந்த ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்களில், தன் நாயகர்களை நேர்மையாகச் சந்தேகப்பட்ட மிகச் சில இடங்களில் ஒன்று. அந்தச் சந்தேகம் முதல் நூறு மணி நேரத்துக்குள்ளும் நுழைந்து அதைத் திருத்தியிருந்தால், முழுமையான வடிவம் என்று நானும் சொல்லியிருப்பேன்.