கோவூரின் அறைகூவலும் நம் ஆலயங்களும்

ஆபிரகாம் கோவூர் எழுதி 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிகான் காட்மென்’ என்னும் ஆங்கில நூலை நம் போதகர்களுள் பலர் பெயரளவில் அறிவர், படித்தோர் சிலரே. நாத்திகரின் நூல் நமக்கெதற்கு என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆனால் அவர் நம் வீட்டிலிருந்தே புறப்பட்டுச் சென்றவர். 1898இல் திருவல்லாவில் மார்த்தோமா சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த திருச்சபையினர் நிறுவிய மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். அங்கு ஓராண்டு திருமறைப் பாடமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாம். மாணவர் யாவரும் தேர்வில் சிறந்து விளங்கினர். ஆனால் விசுவாசத்தை இழந்தனர் என்று கூறி, மறு ஆண்டு அப்பாடத்தை அவருக்குத் தரவில்லை என்றொரு கதை வழங்குகிறது. நாம் இதைச் சொல்லி நகைப்பதுண்டு. கேள்வி எழுந்த மாத்திரத்தில் கலைந்துபோகும் விசுவாசத்தை அம்மாணவருக்கு முன்னரே புகட்டியவர் யார் என்று கேட்பதில்லை.

நூலின் சிறந்த பகுதி பேய், பில்லிசூனியம் பற்றிய நிகழ்ச்சிகளே. வீட்டின்மேல் கல் விழுகிறது என்றால் கோவூர் கூரையைப் பார்ப்பதோடு நில்லாமல் வீட்டாரையும் விசாரிக்கிறார். எவரும் செவிகொடாத ஒருவரின் மனத்துயரம் வெளிப்படுகிறது. ஆன்மப் பராமரிப்புப் பாடத்தில் நாம் கற்பிக்க முயல்வதும் இதுதானே! குறைகளும் உண்டு. அறிதுயில் முறையால் தாம் குணப்படுத்தியதாக அவர் கூறுவனவற்றிற்குப் பெரும்பாலும் அவரே சாட்சி. சாமியார்களிடம் கேட்கும் கடுமையான சான்றை இங்கே தமக்குக் கேட்டுக்கொள்ளவில்லை. சமயம் முழுவதும் மூடநம்பிக்கையே என்னும் முடிவோ ஆராய்ச்சியின் விளைவன்று, அதன் தொடக்கம். ஏசாயா 44ஆம் அதிகாரத்தின் ஏளனத்தை அவர் அறியாதவர் போல் எழுதுகிறார்.

1963இல் அவர் விடுத்த அறைகூவல் நம்மை அதிகமாகத் தைக்கிறது. மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுவோர்க்கு இலட்ச ரூபாய் என்றார்; 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் அதைப் பெறவில்லை. உறையிலிட்ட பணத்தாளின் எண்ணைக் கூறுதல், நீர்மேல் நடத்தல், நீரைத் திராட்சரசமாக்குதல் எனப் பட்டியல் நீள்கிறது. சுவிசேஷத்தை இழிவுபடுத்துகிறார் என்று சினப்பது எளிது. அடையாளம் கேட்டவர்களுக்கு நம் ஆண்டவர் அதை மறுத்தார் என்பதை மாற்கு 8இல் வாசிக்கிறோம். தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கவும் அவர் மறுத்தார். அவர் மறுத்ததையே இன்று மேடையமைத்து, நாள் குறித்து, சுவரொட்டி ஒட்டி விற்கின்றனர்.

சோதித்தறிதல் திருமறைக்கு அந்நியமன்று. கிதியோனின் தோலில் மட்டும் பனி பெய்தது. ஆயினும் அவன் அமையவில்லை. தோல் தானாகவே ஈரத்தை ஏற்கக்கூடியதன்றோ! மறு இரவு தோல் காய்ந்திருக்க, தரை நனைய வேண்டுமென்று மாற்றிக் கேட்டான். ‘வேறு காரணத்தாலும் இது நேர்ந்திருக்குமோ?’ என்னும் இக்கேள்வியை நம் பள்ளிகளின் அறிவியல் பாடம் எழுப்புகிறதா? விடையை முன்னரே அறிந்து, சென்ற ஆண்டு மாணவனின் ஏட்டைப் பார்த்துச் சோதனைக் குறிப்பு எழுதுகிறவர்கள் பட்டமும் பெறுகின்றனர். அவர்களே சபைக் குழுவிலமர்ந்து, திருமண ஆராதனை இராகுகாலத்தில் வேண்டாம் என்று போதகரிடம் மெல்லச் சொல்கின்றனர். போதகரும் மணியை மாற்றுகிறார்.

இது சிறிது. வலிப்பு நோயைப் பேயென்று எண்ணி மாத்திரையை நிறுத்துவதும், ஜெபக் கூட்டத்தில் சுகம் பெற்றதாக நம்பி இன்சுலினைக் கைவிடுவதும் சிறிதல்ல. அத்தகைய சாட்சியைச் சபைப் பத்திரிகையில் அச்சிடுமுன் மருத்துவரின் சான்றைக் கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் அவிசுவாசி என்பார்களாம். சுகமளிக்க வந்தவர் மறுநாள் வேறு ஊர் சென்றுவிடுவார். நோயாளியின் வீட்டிற்குச் செல்ல வேண்டியவர் நாம்.

கோவூரைப் படிக்கும் இறையியல் மாணவர் அகஸ்டினின் ‘அறிக்கைகள்’ நூலின் ஏழாம் பகுதியையும் உடன் வைத்துப் படிப்பது நன்று. ஒரே நேரத்தில் பிறந்த செல்வர் வீட்டு மகனும் அடிமையின் மகனும் வெவ்வேறு வாழ்வு வாழ்ந்ததைக் கேட்டறிந்து, அவர் சோதிடத்தை உதறிய விவரம் அங்கே உள்ளது.