இரும்பு வீடும் பேரீச்சம்பழமும்

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகிற சாலையில் மேலநீலிதநல்லூர் என்று ஓர் ஊர் வரும். காலேஜ் இருக்கிற ஊர். அங்கிருந்து தேவர்குளம், கயத்தாறு என்று போனால் வழியெல்லாம் காற்றாடிகள். அடுத்த முறை போகும்போது ஒரு காற்றாடியின் காலைக் கவனியுங்கள். அடியில் மட்டும்தான் கான்கிரீட். மேலே முழுக்க உருக்குக் குழாய். எங்கோ ஒரு ஃபேக்டரியில் செய்து, லாரியில் கொண்டுவந்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து போல்ட் போட்டு முடுக்கி நிறுத்தியது.

இதே வித்தையை வீட்டுக்குச் செய்தால் அதுதான் ஸ்டீல் ஃபிரேம் வீடு. துத்தநாகம் பூசிய மெல்லிய உருக்குத் தகட்டை மெஷின் மடித்துச் சட்டமாக்கித் தரும். சட்டங்களை ஸ்க்ரூ போட்டுக் கூடாக்கி, இரண்டு பக்கமும் சிமென்ட் போர்டு அடித்து, நடுவில் ராக்வுல் என்கிற பஞ்சை அடைத்தால் சுவர் ரெடி. தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டாம், கொத்தனாருக்குக் காத்திருக்க வேண்டாம். மாதக்கணக்கு வேலை வாரக்கணக்கில் முடியும். நல்ல சமாசாரம்தான்.

என் சண்டை வீட்டோடு இல்லை, அதை விற்கிற விளம்பர மடலோடு. எந்த மடலைப் பிரித்தாலும் மூன்று வார்த்தை தவறாமல் இருக்கும்: ஸ்டீல், பசுமை, ஸ்மார்ட். மூன்றும் கூடப் பிறந்த பிள்ளைகள் மாதிரி கை கோத்து நிற்கும். உண்மையில் ஒன்றுக்கொன்று சொந்தமே கிடையாது.

பசுமையை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் உருக்கு செய்ய உலக சராசரியில் ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுகிறது. இந்தியாவில் சுமார் இரண்டரை டன். மத்திய அரசே 2024 டிசம்பரில் 'பசுமை உருக்கு' என்றால் என்ன என்று வரையறை போட்டது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால்தான் பசுமை. அதற்கும் மூன்று, நான்கு, ஐந்து என்று நட்சத்திர மதிப்பு உண்டு. மடலில் இலையும் தளிரும் படம் போடுகிறவர்கள், தங்கள் உருக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடட்டுமே!

அடுத்து வெயில். உருக்கு, செங்கல்லைவிட ஏறக்குறைய எழுபது மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடுவில் எவ்வளவு பஞ்சை அடைத்தாலும், ஒவ்வொரு சட்டமும் வெளிச் சூட்டை உள்ளே கொண்டுவருகிற பாலம். சட்டத்துக்கு வெளியே, வீட்டுக்கே போர்வை போர்த்திய மாதிரி இடைவெளி இல்லாமல் ஓர் இன்சுலேஷன் படலம் கொடுத்தால் இது சரியாகும். ஆனால் செலவு கூடும் என்று முதலில் வெட்டப்படுவது அதுதான். மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய திருநெல்வேலி வீடு இதை வேறு மாதிரி சமாளித்தது. வெயிலை வாசலிலேயே மறிக்க தார்சா. உள்ளே பட்டாசல். கனமான சுவர், மேலே மட்டப்பா. சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்காக அந்த வீடு சொர்க்கம் என்று நான் கதை விடப்போவதில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தச் சுவர் ராத்திரியில்தான் கக்கும். மெல்லிய சுவர் வீடு சீக்கிரம் கொதித்தாலும் சீக்கிரம் ஆறும். ராத்திரி தூங்க மட்டும் வருகிறவருக்கு அது லாபம். பகலெல்லாம் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு?

அரசாங்கம் இந்த வித்தையை எங்கே பரீட்சை பார்த்தது தெரியுமா? 2021 ஜனவரி 1 அன்று ஆறு ஊர்களில் 'லைட் ஹவுஸ்' வீட்டுத் திட்டத்துக்கு அடிக்கல் போட்டார்கள். ஊருக்கு ஒரு டெக்னாலஜி. சென்னை பெரும்பாக்கத்துக்கு வந்தது ப்ரீகாஸ்ட் கான்கிரீட். 1,152 வீடுகள், 2022 மே 26 அன்று திறப்பு விழா. மெல்லிய இரும்புச் சட்டம் போனது அகர்தலாவுக்கு, 1,000 வீடுகள். திரிபுரா நிலநடுக்க ஆபத்து மிக அதிகமான பகுதி. கனம் குறைந்த கட்டடம் அங்கே உயிரைக் காப்பாற்றும். தென்காசிச் சீமையில் பூமி ஆடுகிற பயத்தைவிட வெயில் பயமும் ஆடிக் காற்றுப் பயமும்தான் பெரிது. கனம் குறைந்த வீட்டை அந்தக் காற்றில் அஸ்திவாரத்தோடு எப்படிப் பிடித்துக் கட்டுவது என்பதுதான் அங்கே கேட்கவேண்டிய கேள்வி. மடலில் அதற்கு ஒரு வரி கிடையாது.

மூன்றாவது பிள்ளை, ஸ்மார்ட். நான் பி.காம். படித்தவன். கட்டடக்கலை தெரியாது, தேய்மானம் தெரியும். வருமான வரிக் கணக்கில் குடியிருப்புக் கட்டடத்துக்கு வருஷத் தேய்மானம் 5 சதவிகிதம். கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் 40. (அதுவே 2017-ல் குறைத்தது. அதற்கு முன்பு 60!) குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் வீடு ஐந்து வருஷம் கழித்து ஏறக்குறைய 77 ரூபாய். 100 ரூபாய் கம்ப்யூட்டர் 8 ரூபாய்கூட இல்லை. இரண்டையும் ஒரே பில்லில் சேர்த்து, 20 வருஷ வீட்டுக் கடனில் வாங்கச் சொல்கிறார்கள். சாமான் செத்த பிறகும் 15 வருஷம் அதற்கு இ.எம்.ஐ. கட்டுவீர்கள்.

சாகுமா என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு பெட்டி, 300 டாலர். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஆளும், ஆயுள் சந்தா இலவசம் என்று விற்றார்கள். கூகுளின் நெஸ்ட் நிறுவனம் 2014-ல் அந்தக் கம்பெனியை வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. யாருடைய ஆயுள் என்று சந்தா கட்டியவர்கள் கேட்டிருக்க வேண்டும். இன்ஸ்டியான் என்ற இன்னொரு கம்பெனி 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்தது. கடைசியில் வாடிக்கையாளர்களே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள்.

மின்சாரம் மிச்சமாகுமே என்பார்கள். தமிழ்நாட்டில் 2016-ல் இருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள் ஓட்டிவிடுகிற சின்ன வீட்டில் எதை மிச்சம் பிடிப்பது? பெரிய வீடு என்றால், 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் போதும். அதற்கு வைஃபை வேண்டாம்.

சரி, இரும்பு வீடே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் லஸ்ட்ரான் கம்பெனி 1948-ல் இருந்து எனாமல் பூசிய உருக்கு வீடுகளைச் செய்து விற்றது. சுமார் 2,500 வீடு, 1950-க்குள் கம்பெனி திவால். வீடுகள் பல இன்னும் நிற்கின்றன. சுவரில் ஆணி அடிக்க முடியாது என்று காந்தத்தில் படம் மாட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான் குறை. கம்பெனி போனாலும் வீடு நின்றது, ஏனென்றால் அந்த வீடு எந்த சர்வரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இரும்பின் நிஜமான பசுமை, அதைக் கழற்றலாம் என்பதுதான். காற்றாடிக்கு வயசானால் போல்ட்டைக் கழற்றிக் கிலோ கணக்கில் விற்கலாம். உருக்கினால் மறுபடி உருக்கு. இடித்த கான்கிரீட்டைக் கொண்டுபோய்க் கொட்டத்தான் இடம் தேடவேண்டும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த சைக்கிள்காரருக்கு இந்தப் பொருளாதாரம் எந்த மடலும் இல்லாமலே தெரிந்திருந்தது.

ஊர்ப்பக்கம் மனை வைத்திருந்து, சென்னையிலோ துபாயிலோ உட்கார்ந்து இப்படி ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், கூடு தனி, ஸ்மார்ட் தனி. சட்டத்துக்கு வெளியே இன்சுலேஷன் உண்டா என்று கேளுங்கள். ஏற்கெனவே கட்டிய வீடு ஒன்றை, சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு, ஏ.சி.யை அணைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே நெட்டையும் அணைக்கச் சொல்லி, சுவரில் இருக்கிற ஸ்விட்சைக் கையால் போட்டால் லைட் எரிகிறதா என்று பாருங்கள்.