குலூல்: மோசடியா, கையாடலா?

திருக்குர்ஆன் 3:161ஆம் வசனம் கண்டிக்கும் ‘குலூல்’ என்னும் குற்றத்தை ‘மோசடி’ என்று சிலர் தமிழில் பெயர்த்துள்ளனர். அது நமக்கு நிறைவளிக்கவில்லை.

மோசடி, பிறரை ஏமாற்றிப் பறிப்பது. திருட்டு, பிறர் காவலில் உள்ளதை மறைவாக எடுப்பது. அதற்கு அரபியில் ‘ஸரிகா’ என்ற தனிச்சொல் உண்டு. குலூலோ, பங்கிடப்படாத போர்ப்பொருளை அதில் பங்குடைய ஒருவனே முன்கூட்டி ஒளித்துக்கொள்வது. ஹிஜ்ரி 7இல் நடந்த கைபர் போருக்குப் பின், நபி (ஸல்) அவர்களின் பணியாளர் மித்அம் அம்பு பட்டு இறந்தார். சுவனம் அவருக்கே என்று மக்கள் வாழ்த்தினர். பங்கிடுமுன் அவர் எடுத்த போர்வை அவர்மீது நெருப்பாய் எரிகிறது என்றார்கள் நபியவர்கள். அதைக் கேட்ட ஒருவர் செருப்பு வார் ஒன்றிரண்டைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அளவு சிறிதென்று அதுவும் விடப்படவில்லை. பொதுப்பணியில் அமர்த்தப்பட்டவர் தம் ஊதியத்துக்கு மேல் எடுப்பதையும் நபியவர்கள் குலூல் என்றே கூறியதாக அபூதாவூத் பதிவு செய்கிறார்.

இதற்கு நம் மொழியில் ‘கையாடல்’ இருக்கிறதே! கையாளத் தந்ததைக் கையாடுவது. ஓர் எழுத்தில் குற்றம் பிறந்துவிடுகிறது. (இன்றைய அரபு ஏடுகள் இதற்கு ‘இக்திலாஸ்’ என்கின்றன, பழைய ஃபிக்ஹு நூல்களில் அது கண்ணெதிரே பறித்தோடுவது.)

பள்ளிவாசல் பணத்தைப் பிறகு வைத்துவிடலாமென்று எடுத்துச் செலவிடும் பொருளாளர், தாம் எவரையும் ஏமாற்றவில்லை என்றே எண்ணுவார். ‘மோசடி’ என்று வாசித்தால் வசனம் அவரைத் தொடாமலே போய்விடும். ஆகவே மறுபதிப்புகளில் ‘பொதுப்பொருளைக் கையாடுதல்’ என்று திருத்தி, போர்ப்பொருள் பற்றிய விளக்கத்தை அடிக்குறிப்பில் தரலாம்.