300 என்று அச்சிடப்பட்டு 450-இல் ஓடிய சிப்: ஓவர்கிளாக்கிங்கை ரசிப்பது எப்படி?

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் 450 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 2 ப்ராசஸரை 669 டாலருக்கு அறிமுகம் செய்தது. அதே நாளில், அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்காக இன்னொன்றும் வந்தது: செலரான் 300ஏ. 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். விஷயம் தெரிந்தவர்கள் மலிவானதை வாங்கிவந்து, விலை உயர்ந்ததன் வேகத்தில் ஓட்டினார்கள். பழைய கணினிகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் அந்தச் சிப்பைத் தேடி வாங்குகிறார்கள்.

ஒரு ப்ராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குத் திரையில் ஓர் எண் கூடுவது மட்டுமே தெரியும். அந்த எண் எந்த வழியில் வந்தது, அதற்காக எவ்வளவு வெப்பம் கூடியது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

கணக்கில் இருக்கும் அழகு

ப்ராசஸரின் வேகம் ஒரு பெருக்கல். மதர்போர்டின் பஸ் (தகவல் செல்லும் தடம்) வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 300ஏ-யில் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 பெருக்கெண், விடை சுமார் 300. குறைந்த வேகச் சிப்பின் மேல் கூடுதல் வேகத்தை அச்சிட்டு ஏமாற்றி விற்கும் வியாபாரிகள் அப்போது இருந்ததால், இன்டெல் பெருக்கெண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தது. பஸ் வேகத்தை மட்டும் பூட்டவில்லை. பென்டியம் 2-க்காக வந்திருந்த 440பிஎக்ஸ் சிப்செட் மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸைத் தாங்கின. 100-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 450.

இதில் வேடிக்கையான ஒரு நுட்பம் உண்டு. பயந்த சுபாவக்காரர் நேரே 100-க்குப் போகாமல் நடுவில் 83-இல் நிறுத்திப் பார்ப்பார். உண்மையில் அதுதான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க் முதலியவை இணைந்திருக்கும் பிசிஐ தடம் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. பஸ் 66 என்றால் மதர்போர்டு அதை இரண்டால் வகுக்கும்; 100 என்றால் மூன்றால். இரண்டிலும் 33 கிடைத்துவிடும். 83-ஐ இரண்டால் வகுத்தால் 41-க்கு மேல் போய், டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் சிதையக்கூடும். ஆக, 83 பஸ்ஸில் கிடைக்கும் 374 மெகாஹெர்ட்ஸைவிட 450 மெகாஹெர்ட்ஸ் கணினிக்குப் பாதுகாப்பானது. ஒருவர் தன் ஓவர்கிளாக்கைக் காட்டும்போது முதலில் கேட்க வேண்டியது, மற்ற தடங்கள் எந்த வேகத்தில் ஓடுகின்றன என்பதைத்தான்.

வழிகளிலும் ரகம் உண்டு. ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டில் ஜம்பர்களைத் தொடாமல் பயாஸ் திரையிலேயே வேகத்தை மாற்றலாம். அந்த வசதி இல்லாத சில போர்டுகளில், ப்ராசஸர் அட்டையின் பி21 என்ற ஒற்றைப் பின்னை டேப்பாலோ நகப்பூச்சாலோ மறைத்துவிட்டால், போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸராக எடுத்துக்கொண்டது.

ஏன் தாங்கியது?

பென்டியம் 2-இன் 512 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் நினைவகம்), ப்ராசஸருக்கு வெளியே தனிச் சிப்புகளில் இருந்தது. ப்ராசஸரின் பாதி வேகத்தில்தான் ஓடியது. 300ஏ-யில் 128 கிலோபைட்தான். ஆனால் அது ப்ராசஸருக்கு உள்ளேயே, அதே சிலிக்கானில், முழு வேகத்தில் ஓடியது. கூடவே இழுத்துப்போக வேண்டிய வெளிச் சிப்பு எதுவும் இல்லை. இரண்டு ப்ராசஸர்களும் ஒரே 0.25 மைக்ரான் முறையில் தயாரானவை. 450-இல் ஓடும் திறன் பெரும்பாலான சிப்புகளில் ஏற்கெனவே இருந்தது. 300 என்ற எண்ணைத் தீர்மானித்ததில் சந்தைக்கும் பங்குண்டு. அப்படி ஓட்டிய செலரான், விளையாட்டுகளில் 669 டாலர் சிப்புக்கு ஏறக்குறைய இணையாக நின்றது. பெரிய கேஷ் தேவைப்படும் வேலைகளில் பென்டியம் 2 முந்தியது.

வெப்பத்தைப் படிப்பது

வேகம் கூடினால் செலவாகும் மின்சாரம் அதே விகிதத்தில் கூடும். மின்னழுத்தம் கூடினாலோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடும். 300ஏ சாதாரணமாக 2.0 வோல்ட்டில் சுமார் 19 வாட் வெப்பம் விடும். அதே வோல்ட்டில் 450-க்குப் போனால் 28 வாட்டைத் தாண்டும். சிப் முரண்டு பிடிக்கிறதே என்று 2.2 வோல்ட் கொடுத்தால் 34 வாட்டையும் தாண்டிவிடும். அதனால் ஒரே 450-ஐ எட்டிய இரண்டு கணினிகளில், குறைந்த வோல்ட்டில் எட்டியதற்கே மதிப்பு அதிகம்.

குளிர்விப்பதைச் சங்கிலியாகப் பாருங்கள்: சிப், தெர்மல் பேஸ்ட், ஹீட்சிங்க், ஃபேன், பெட்டிக்குள் இருக்கும் காற்று, அறையின் காற்று. பேஸ்டின் வேலை, உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுக்கு மெல்லிசாக இருந்தால் போதும்; அப்பினால் அதுவே வெப்பத்தைத் தடுக்கும். பழைய கணினியில் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும், ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி அடைந்திருக்கும். வேகத்தில் கை வைப்பதற்கு முன் இரண்டையும் சுத்தம் செய்துவிட வேண்டும்.

வெறும் ஃபேன் எவ்வளவு சுழன்றாலும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. ஆகவே 55 டிகிரி என்று ஒருவர் சொன்னால், அறை எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 25 டிகிரி அறையில் அது சாதாரணம். 38 டிகிரி அறையில் அது கெட்டிக்காரத்தனம். ஜனவரியில் பிசகில்லாமல் ஓடிய கணினி மே மாதத்தில் உறைந்து நிற்பதற்கும் காரணம் இதுதான்.

நிற்கிறதா?

விண்டோஸ் திறந்துவிட்டால் வெற்றி என்று சிலர் நினைப்பார்கள். தேர்ந்தவர்கள் பிரைம்95 போன்ற கணக்கு நிரலை இராப்பகலாக ஓடவிடுவார்கள். விடை முன்பே தெரிந்த கணக்குகள் என்பதால், ப்ராசஸர் ஓரிடத்தில் தவறினாலும் நிரல் காட்டிக்கொடுத்துவிடும். பிழை வந்தால் பஸ் வேகத்தைக் குறைப்பதா, வோல்ட்டை ஒரு படி ஏற்றுவதா, ஃபேனை மாற்றுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும்.

துணிச்சலை ரசிப்பவர்களுக்கு 1999-இல் வந்த ஏபிட் பிபி6 மதர்போர்டு நல்ல விருந்து. அதில் இரண்டு செலரான்களைப் பொருத்தலாம். 366 மெகாஹெர்ட்ஸ் சிப்புகள் இரண்டை வாங்கி, 5.5 பெருக்கெண்ணோடு 100 பஸ்ஸில் ஆளுக்கு 550 என்று ஓட்டினார்கள். விண்டோஸ் 98-க்கு இரண்டாவது ப்ராசஸர் இருப்பதே தெரியாது. விண்டோஸ் என்டியோ லினக்ஸோ போட்டால்தான் இரண்டும் உழைக்கும்.

இதையே தலைகீழாகவும் ஆடலாம். வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வோல்ட்டைப் படிப்படியாக இறக்கி, எது வரை பிழையில்லாமல் ஓடுகிறது என்று பார்க்கலாம். வெப்பம் குறைவதால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியில் தொடங்க நினைப்பவர்களுக்குச் செலவும் ஆபத்தும் குறைந்த வழி இது. பயாஸில் வோல்ட்டை மாற்றும் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.