பூனை கற்ற தவம்

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இளைஞன் ஒருவன் நெறி தவறினால் அவன் குடும்பத்தின் மீது இப்பழமொழியை எறிவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. நாம் இதனை ஏற்பதற்கில்லை. சிலை வணக்கத்தில் ஊறிய ஆஸரின் இல்லத்திலன்றோ இப்றாஹீம் நபி (அலை) அவர்கள் தோன்றினார்கள்? நூஹ் நபி (அலை) அவர்களின் மைந்தனோ கப்பலேற மறுத்து மூழ்கினான். குருதியே குணமெனில் இவ்விரண்டிற்கும் விடை ஏது?

ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரா’ எனும் இயற்கைத் தூய்மையிலேயே பிறக்கிறது, பெற்றோரே அதனைத் திருப்புகின்றனர் என்பது நபிமொழியின் கருத்து. இதனைச் சமயத்தளவில் மட்டும் பொருள் கொள்வாரும் உளர். ஒழுக்கத்துக்கும் பொருந்தும் என்பது நம் துணிபு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா’வில் குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதம் என்றே கூறுகிறார்.

அந்த அமானிதம் எவ்வாறு கெடுகிறது? மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் யானைகளின் அருகே ஒரு பூனை உண்டு. மேலே முனிவர் ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார். கீழே பூனையும் அவ்வாறே கைகளை உயர்த்தி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். போலித் துறவியரைப் பல்லவச் சிற்பி எள்ளியதாகவே பலரும் விளக்குவர். அது சரியே. எனினும் சிலையைப் போற்றாத நம் கண்ணுக்கும் அங்கே மற்றொன்று படுகிறது: பூனைக்கு எவரும் தவம் ஓதிக்கொடுக்கவில்லை; அது கண்டது, செய்தது.

தந்தை ஐவேளையும் தொழுகிறார். கடையில் எடை குறைக்கிறார். கடன் கொடுத்தவர் வந்து கதவைத் தட்டினால், “அத்தா வீட்டில் இல்லை என்று சொல்” என மகனையே வாசலுக்கு அனுப்புகிறார். பதின்மூன்று வயதில் அம்மகன் இரண்டையும் சேர்த்தே கற்கிறான்: தவநிலையில் நின்றுகொண்டே எலிக்குக் காத்திருக்கலாம் என்பதை. பின்னர் அவன் களவில் அகப்பட்டால் முதலில் கையோங்குபவரும் அத்தந்தையே!

இத்தகைய பெற்றோரிடமிருந்து பிரித்துவிட்டால் பிள்ளை திருந்தும் என்றெண்ணியே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டில் சிறார் சீர்திருத்தப் பள்ளி அமைக்கப்பட்டது. அதே ஊரின் அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் இறுதியில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு ஒருநபர் குழுவாக நியமிக்கப்பெற்று, இத்தகைய இல்லங்களை ஆராய்ந்து 2023-இல் அறிக்கை அளித்தார். பெற்றோரின் இடத்தில் நிற்குமாறு அரசு அமர்த்தியவர்கள் அவர்கள். அன்றிரவு அந்த இல்லத்தில் இருந்த ஏனைய பிள்ளைகள் என்ன கற்றனர் என்று வினவுவார் எவரையும் நாம் இதுவரை கண்டிலோம்.