ஒலியும் அணிசுகமும்: இரண்டு ஹெட்போன்களை முன்வைத்து

செவியை முழுவதுமாகச் சூழ்ந்து நிற்கும் கம்பிவழி ஹெட்போன்களை மதிப்பிடுவோர் ஒலித்தரத்தை விரிவாகப் பேசி, அணியும் சுகத்தை இறுதியில் இரண்டு வரிகளில் முடித்துவிடுவர். ஒலி வேறு, சுகம் வேறு என்னும் இப்பாகுபாடு பொருத்தமானதன்று. மெத்தையின் தடிப்பும் தலைவளையத்தின் இறுக்கமுமே செவிக்கும் அதிர்தகட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நிர்ணயிக்கின்றன. அத்தூரம் மாறின் ஒலியும் மாறும்.

இப்பாகுபாட்டுக்கு ஆய்வுலகில் ஒரு நியாயம் உண்டு. ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவும் ரொட் வெல்ரியும் 2012 இல் வெளியிட்ட ஆய்விலே, கேட்போர் தாம் அணிந்திருப்பது எதுவெனக் கண்டோ தொட்டோ அறியாதவாறு, பரிசோதகரே அவற்றை அவர்களது தலையில் வைத்தார். பெயரும் தோற்றமும் தீர்ப்பைத் திரிக்கும் என்பதால் அது முறையானதே. ஆயின் ஆய்வாளர் விலக்கியதை விமர்சகனும் விலக்கினால், கருவியை வாங்கி அணியப்போகிறவனுக்கு அவன் கூறுவதில் என்ன பயன்?

சோனி நிறுவனம் 1991 இல் வெளியிட்ட எம்.டி.ஆர். 7506 மூடிய வகையினது. ஒலிப்பதிவுக் கலையகங்களில் இன்றும் புழங்குவது. மெத்தை தலையோடு இடைவெளியின்றிப் பொருந்துவதிலேயே இதன் அடித்தொனி தங்கியுள்ளது. மூக்குக்கண்ணாடியின் காம்பு கன்னப்பொறியருகே சிறு இடைவெளியை ஏற்படுத்தினாற் போதும், தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும். ஆகவே இதனை ஒருவர் ‘அடித்தொனி நிறைந்தது’ என்றும் மற்றொருவர் ‘மெலிந்தது’ என்றும் எழுதும்போது இருவருமே உண்மை உரைத்திருக்கலாம். (கண்ணாடி அணிபவரா என்பதை எழுதுவோர் கூறுவது அரிது.) உயர்தொனி சற்றே முனைப்பானது. பாடகரின் சகர ஒலிகள் கூர்மையாக எழும். பதிவின் குறைகளைக் கண்டறிய அது உதவும். நெடுநேரம் கேட்பதற்கு உதவாது. மெத்தையோ ஆழமற்றது, செவிமடல் உள்ளே முட்டும்.

சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 600, 1997 இல் வந்த திறந்த வகை. கம்பி நீங்கலாக 260 கிராம் நிறை. 300 ஓம் தடையுடையதாதலின் வலுக்குறைந்த கருவிகளில் ஒலி தாழ்ந்தே கேட்கும். மனிதக் குரலை இத்துணை இயல்பாகத் தருபவை மிகச் சிலவே. எனினும் பைப் ஓர்கனின் அடிச்சுரங்கள் இதில் மெலிந்து விடுகின்றன. இது மறைக்கத்தகாத குறை. புதிதில் இது தலையை நன்றாகவே இறுக்கும். காலப்போக்கில் வளையம் தளர்கிறது, மெத்தை அமிழ்கிறது, செவி அதிர்தகட்டை நெருங்குகிறது. முதல் வாரத்தில் எழுதப்பட்ட மதிப்பீடு மூன்றாம் ஆண்டில் அக்கருவிக்கே பொருந்தாது போகலாம். மெத்தையைக் கழற்றி மாற்றக்கூடியதாய் அமைத்திருப்பதைப் பழுதுபார்க்கும் வசதியாக மட்டும் கருதுதல் தவறு. பழைய ஒலியை மீட்கும் வழியும் அதுவே.

பாக்கின் ‘புனித மத்தேயுவின் பாடுகள்’ முழுமையாக ஒலிக்க இரண்டரை மணித்தியாலத்துக்கு மேற்செல்லும். முதற்பத்து நிமிடங்களில் 7506 இன் தெளிவு எவரையும் கவர்ந்துவிடும். இரண்டாம் மணித்தியாலத்தில் செவி வியர்த்து, மடல் நொந்து, கேட்பவர் அதனை ஒருபுறம் நகர்த்தி வைப்பார். அக்கணமே பொருத்தம் கலைந்து அடித்தொனியும் போய்விடும். எச்.டி. 600 ஐ அணிந்தவரோ இறுதிப் பாடற்குழு ஒலிக்கும்வரை அதனைத் தொடவேண்டியிராது.